மாவு எங்கே பிசைகிறார்கள்?

பீட்சா நம்ம உணவா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. உடுமலை, பழனி வரைக்கும் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சாப்பிடுகிறேன். எனக்குள்ள கேள்வி வேறு. அதில் கோதுமை இருக்கிறது, தக்காளி இருக்கிறது, பால் இருக்கிறது. மூன்றும் உழவர் வீட்டிலிருந்து போகிறவை. அந்த மூன்றையும் யார், எங்கே, யாரிடமிருந்து வாங்குகிறார்கள்?

31 வருடம் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் புரட்டியவன் நான். ஒரு கடைக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகையும் விளக்கும் என் கண்ணில் படாது. கொள்முதல் ரசீது எங்கே என்றுதான் தேடுவேன். பணி ஓய்வுக்குப் பிறகு நாலு ஏக்கரில் தக்காளியும் தென்னையுமாக விவசாயத்துக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். பெரிய சங்கிலிக் கடைகள் எல்லாம் ஒரு காலத்தில் உள்ளூர்க் கடைகளே. 1958-ல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் இரண்டு சகோதரர்கள் தங்கள் அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி ஒரு சின்னக் கடை போட்டார்கள். அது பீட்சா ஹட். 1960-ல் மிச்சிகன் மாநிலத்தில் வேறு இரண்டு சகோதரர்கள் 900 டாலர் கடன் வாங்கி, நடந்துகொண்டிருந்த ஒரு கடையை எடுத்தார்கள். அது டாமினோஸ். கொஞ்ச நாளில் தம்பிக்குச் சலித்துவிட்டது. தன் பாதிப் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஓட்டிக்கொண்டிருந்த பழைய வோக்ஸ்வேகன் காரை வாங்கிக்கொண்டு போனாராம். அந்தப் பங்குக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டால் நமக்கே தலை சுற்றும்.

அப்படித் தொடங்கிய கடை எந்த இடத்தில் சங்கிலியாக மாறியது? கிளை பெருகியபோது என்பீர்கள். என் கணக்கில், மாவை கடைக்குள் பிசைவதை நிறுத்தி, வேறோர் இடத்தில் மொத்தமாகப் பிசைந்து வண்டியில் அனுப்பத் தொடங்கிய நாளில் மாறியது.

டாமினோஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம். அதன் வரவு செலவு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் பீட்சா விற்று வருவது அல்ல. உரிமம் எடுத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு மாவு, பாலாடைக்கட்டி, சாஸ் முதலான சரக்கை விற்று வருவது. இது போக, அங்கே கடைக்காரர் தன் விற்பனையில் 5.5 சதவீதம் உரிமத்தொகையாகவும், 6 சதவீதம் விளம்பரத்துக்கும் கட்ட வேண்டும். லாபத்தில் அல்ல, விற்பனையில். நூறு ரூபாய்க்கு விற்றால் பதினொன்றரை ரூபாய், கடைக்காரர் லாபமா நட்டமா என்று பார்ப்பதற்கு முன்பே போய்விடும். இப்படி ஒரு திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்திருந்தால், கடைக்காரர் முதலாளியா, முதல் போட்ட வேலைக்காரரா என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விவசாயிக்கு இதில் என்ன? மாவு எங்கே பிசைகிறார்களோ அங்கேதான் கொள்முதல் நடக்கும். கடையில் பிசைந்தால், கடைக்காரர் பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்க்க வழியுண்டு. 300 கிலோமீட்டர் தள்ளி ஒரு கூடத்தில் பிசைந்தால், கடை வாசலில் தக்காளிச் செடியே முளைத்துக் கிடந்தாலும் அதைப் பறித்துப் போட அந்த ஊழியருக்கு அதிகாரம் கிடையாது. நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. அமைப்பு அப்படி.

இனி பீட்சா பிறந்த நாட்டுக்குப் போவோம். 2015-ல் டாமினோஸ் இத்தாலிக்குள் நுழைந்தது, மிலான் நகரில் முதல் கடை. அங்கே உரிமம் எடுத்த நிறுவனம் 2030-க்குள் 880 கடைகள் என்று திட்டம் வைத்திருந்தது. ஊர் ஊருக்கு அடுப்பு வைத்த கடைகள் உள்ள நாட்டில் எந்த தைரியத்தில் போனார்கள்? வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற ஒரு பலத்தை நம்பித்தான். அங்கே பல சின்னக் கடைகளுக்கு அந்தப் பழக்கம் அப்போது அவ்வளவாக இல்லை. பிறகு கொரோனா வந்தது. கடை மூடிக்கிடந்தவர்கள் எல்லாரும் கைப்பேசிச் செயலிகளில் பெயரைப் பதிந்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சங்கிலிக் கடையின் ஒரே வித்தையை உள்ளூர்க் கடைக்காரர் கற்றுக்கொண்டார். உள்ளூர்க் கடையின் மாவை சங்கிலிக் கடையால் கற்க முடியவில்லை. 29 கடைகளோடு நின்றது. கடன் ஏறியது. 2022-ல் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனார்கள்.

இதைப் படித்துக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதைவிட எனக்குப் பிடித்த கதை, அதே நாட்டின் தெற்கே அல்தமூரா என்ற ஊரில் நடந்தது.

பூலியா மாநிலத்தில் உள்ள, சுமார் 70,000 பேர் வசிக்கும் ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம், மானாவாரிக் கோதுமை. நம்ம பல்லடம், காங்கேயம் காட்டு நிலம் மாதிரி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குளிர் மட்டும் கூடுதல். விளைவது டூரம் என்கிற கெட்டிக் கோதுமை. மாவு மஞ்சளாக இருக்கும். அந்த மாவில், நாம் இட்லி மாவைப் புளிக்க வைப்பதுபோல, பழைய புளித்த மாவைச் சேர்த்து ரொட்டி செய்கிறார்கள். முன்காலத்தில் பெண்கள் வீட்டில் மாவு பிசைந்து ஊர்ப் பொது அடுப்புக்குக் கொண்டுபோவார்களாம். யாருடைய ரொட்டி என்று தெரிய, வீட்டுப் பெயரின் எழுத்தைக் கட்டை அச்சால் பதித்துச் சுட்டுக் கொடுப்பார்கள்.

அந்த ஊருக்கு 2001-ல் மெக்டொனால்ட்ஸ் வந்தது. பெரிய கடை, உயரமான பெயர்ப்பலகை. ஊர்க்காரர்களும் எதிர்க்கவில்லை, வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன அடுமனை. அங்கே ஃபொகாச்சா விற்றார்கள். பீட்சாவுக்கு அக்கா என்று சொல்லலாம். தடித்த அப்பத்தின் மேல் தக்காளி, ஆலிவ் எண்ணெய், உப்பு, கொஞ்சம் மணத் தழை. அவ்வளவுதான், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. நாள் ஆக ஆக வரிசை அந்தப் பக்கம் திரும்பியது. பெரிய கடைக்குள் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, ஃபொகாச்சாவை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டவர்களும் உண்டாம். 2002 டிசம்பரில் மெக்டொனால்ட்ஸ் அந்தக் கடையை மூடிவிட்டது. 2009-ல் இதை வைத்து ஒரு திரைப்படமே வந்தது.

கூட்டங்களில் இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்கள் ருசிதான் ஜெயித்தது என்கிறார்கள். ருசி எங்கிருந்து வந்தது? 2003-ல் அல்தமூரா ரொட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. அதன் விதிகளைப் படித்துப் பார்த்தேன். அடுப்பு, நொதித்தல் எல்லாம் சொல்லிவிட்டு, கோதுமைக்கும் போகிறது. அல்தமூராவிலும் பக்கத்து நான்கு ஊர்களிலும் விளைந்த டூரம் கோதுமையாக இருக்க வேண்டும். அதில் 80 சதவீதமாவது பெயர் குறிப்பிட்ட நான்கு ரகங்களாக இருக்க வேண்டும். பெயர் கிடைத்தது ரொட்டிக்கு, விலை கிடைக்க வழி செய்தது விவசாயிக்கு. நம்ம பக்கம் புவிசார் குறியீடு வாங்கிய பல பண்டங்களில் பெயர் மட்டும்தான் ஊருடையது, உள்ளே போகிற சரக்கு எங்கிருந்தோ வருகிறது. இதை வேறொரு சமயம் தனியாக எழுத வேண்டும்.

போராட்டத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். 1986-ல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகள் அருகே மெக்டொனால்ட்ஸ் வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதிலிருந்துதான் கார்லோ பெத்ரினி தலைமையில் மெது உணவு இயக்கம் வளர்ந்தது. நத்தை அதன் சின்னம். 1996 ஜனவரியில் பேராசிரியர் நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ரைத்த சங்கத்தார் பெங்களூருவில் கே.எஃப்.சி. கடையைத் தாக்கினார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் இன்றைக்கும் சரியானவையே. ஆனால் ரோமில் அந்தக் கடை இன்றும் நடக்கிறது, கே.எஃப்.சி. நாடு முழுக்க நடக்கிறது. அல்தமூராவில் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை, கடை மூடியது. இயக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெது உணவு இயக்கமே பிறகு விதை, கால்நடை இனம், சிறு உழவர் என்றுதானே வேலை செய்யப் போனது.

நம்ம நாட்டுக்கு வருவோம். டாமினோசும் பீட்சா ஹட்டும் இங்கே வந்தது 1996-ல். டாமினோஸ் மட்டும் இன்று 2000 கடைகளுக்கு மேல். மாவு பெருநகரங்களில் உள்ள கூடங்களில் பிசைந்து, குளிர்பதன வண்டியில் கடைக்கு வருகிறது. மேலே சொன்ன அதே அமைப்பு.

2023 ஜூலையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனது. அந்த மாதம் வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் தரமான தக்காளி கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு, பர்கரில் தக்காளியை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் பர்கர் கிங் கடைகளும் அதையே செய்தன. எங்கள் ஊர் மெஸ்காரம்மா தக்காளிச் சட்னியைக் குறைத்தார், ரசத்தில் புளியைக் கூட்டினார், ஆனால் வாங்குவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் தினம் கொடுக்கும் ஆள் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. உடுமலையில் ஒரு தம்பி பீட்சாக் கடை வைத்திருக்கிறார். கப்பல் சமையலறையில் ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செங்கல்லால் அடுப்புக் கட்டி, சீமைக்கருவேல விறகு போடுகிறார். மாவைக் கடையிலேயே பிசைந்து ஒரு ராத்திரி வைத்துச் சுடுகிறார். கடை திறந்த புதிதில் என் தோட்டத்துக்கு வந்து, "சார், எனக்கு வாரம் ரெண்டு பெட்டி போதும். வருஷம் பூரா ஒரே விலைன்னா சொல்லுங்க" என்றார். பேசி, கிலோ 25 ரூபாய் என்று முடித்தோம். எழுத்தெல்லாம் இல்லை. (31 வருடம் எழுத்தில்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதவன் நான்.)

ஜூலையில் மண்டி விலை ஏறியதும் என் மனைவி கேட்டார், "அந்தத் தம்பிக்கு இன்னும் 25-க்கா கொடுக்கறீங்க?" கொடுத்தேன். செப்டம்பரில் 14 கிலோ பெட்டி 100 ரூபாய்க்குக் கீழே இறங்கியபோது, அவர் கடைக்கு எதிரிலேயே கிலோ பத்து ரூபாய்க்குக் கூவி விற்றார்கள். அவரும் 25-ஐக் குறைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் பெட்டியை இறக்கும்போது "எதிர்த்தாப்புல பாத்தீங்களா சார்" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அவருக்குக் கொடுத்தது 40 வாரம், வாரம் 28 கிலோ. மொத்தம் 1120 கிலோ, 28,000 ரூபாய். இதையே மண்டிக்கு அனுப்பியிருந்தால்? விலை உச்சத்தில் இருந்த 6 வாரம் கமிஷன், வண்டி வாடகை போக கிலோவுக்கு 90 என்று தாராளமாக வைத்தால் 15,120. மீதி 34 வாரம் சராசரியாகக் கையில் நிற்பது கிலோவுக்கு 10 ரூபாய், 9,520. ஆக 24,640. அந்த மாதிரி உச்ச விலை வந்த வருடத்திலேயே தம்பியின் பக்கம் 3,360 ரூபாய் கூடுதல். சாதாரண வருடத்தில் இடைவெளி இன்னும் பெரிது. தொகை பெரிதல்ல, என் விளைச்சலில் பெரும்பகுதி இன்னும் மண்டிக்குத்தான் போகிறது. ஆனால் தை மாதமே நாற்று விடும்போது இந்த 28,000 வரும் என்று தெரியும். மண்டிப் பணம் எப்போது எவ்வளவு வரும் என்பதை மண்டிக்காரரும் சொல்ல மாட்டார், கடவுளும் சொல்ல மாட்டார்.

சங்கிலிக் கடைகளுக்குத் தக்காளிக் கூழ் கொடுக்கும் ஒரு ஆலையின் கொள்முதல் ஆளும் அதற்கு முன் ஒரு முறை தோட்டத்துக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். ஜீவாமிர்தம், செண்டுமல்லி வரப்பு எல்லாம் சுற்றிப் பார்த்தார், ஒரு பழத்தைப் பறித்துத் தின்றார். பிறகு சொன்னார்: "சார், உங்க தக்காளி நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு நல்லா இருக்கறது வேண்டாம் சார். ஒரே மாதிரி இருக்கணும்." ஒரே ஹைப்ரிட், ஒரே பிரிக்ஸ் அளவு, ஒரு நடைக்குப் பத்து டன். அவர் சொன்னதில் ஒரு பொய் இல்லை. ஒரே மாதிரி 2000 கடை நடத்த வேண்டுமானால் அப்படித்தான் வாங்க முடியும்.

இத்தாலியில் சான் மர்சானோ என்ற நீளத் தக்காளிக்கும் இதே சோதனை வந்தது. வெசுவியஸ் எரிமலை அடிவாரத்தை ஒட்டிய சமவெளி அதன் ஊர். குச்சி நட்டுக் கட்ட வேண்டும், ஒரே நாளில் பழுக்காது, கையால் பல முறை பறிக்க வேண்டும். நோயும் தாக்கி, இயந்திர அறுவடைக்குத் தோதான ஹைப்ரிட் ரகங்களும் வந்து, கிட்டத்தட்ட அழிந்துபோனது. மீதியிருந்த விதைகளைத் தேடியெடுத்து மீட்டார்கள். 1996-ல் அதற்கும், அதே வட்டாரத்து எருமைப்பால் மொசரெல்லாவுக்கும் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் வகுத்த செய்முறை அந்த மொசரெல்லாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மேலே 100 கிராம் வரை தக்காளி, 100 கிராம் வரை பாலாடை, விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிட வேண்டும். 2017-ல் அந்த அடுப்புக்காரர்களின் கைவினையை யுனெஸ்கோவும் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்ம பாரம்பரிய நெல்லை மீட்டவர்கள் கதை தெரிந்த நமக்கு இது புதிதில்லை. மீட்ட நெல்லைச் சமைத்து விற்க ஒரு சோற்றுக்கடை பக்கத்திலேயே இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது ஒரு பதில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூர்க்காரர் கடை என்பதற்காக மட்டும் யாரையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். எங்கள் ஊரில் பீட்சா விற்கிற மற்ற கடைகளில் உறைய வைத்த அப்பத்தைப் பிரித்து, டப்பா சாஸைத் தடவி, பாமாயில் கலந்த கட்டியைத் துருவிப் போடுகிறார்கள். சரக்கு கொண்டுவருவது எல்லாருக்கும் ஒரே விநியோகஸ்தர். பெயர்ப்பலகையில் மட்டும் முருகன் படம். சங்கிலியில் கட்டப்படாமலேயே சங்கிலிக் கடை நடத்துகிறார்கள். சரக்கு சுத்தத்தில் பெரிய நிறுவனமே மேல் என்று சொல்ல வேண்டிய நிலைமை. ஆகவே நம்ம இயற்கை விவசாய நண்பர்கள் ஒரு கடையில் விளைபொருள் பேசப் போனால், முதலில் சமையலறைக்குள் பாருங்கள். மாவுத் தொட்டி இருக்கிறதா, இல்லை அட்டைப்பெட்டி இருக்கிறதா? தொட்டி இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பெட்டி இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

தம்பியின் கடையும் முழுக்க உள்ளூர் ஆகிவிடவில்லை. தக்காளி என்னுடையது. துளசி போன்ற பேசில் தழைக்குப் பதிலாக எங்கள் வாய்க்கால் ஓரத்துத் திருநீற்றுப் பச்சிலையைக் கொடுத்தேன், தாவரவியல்படி இரண்டும் ஒரே இனம். வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அளவைப் பாதியாக்கிக்கொண்டார். பாலாடைக்கட்டி இன்னும் வெளியூர்ச் சரக்கு. பசும்பாலில் ஒரு கிலோ மொசரெல்லாவுக்கு 8 முதல் 10 லிட்டர் பால் வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பும் கெட்டியும் அதிகம், அதனால் இன்னும் குறைவாகவே போதும். உலகத்திலேயே அதிக எருமைப்பால் கறக்கும் நாடு நம்முடையது. ஆனால் எங்கள் சுற்று வட்டாரத்தில் எருமை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறோம். சொசைட்டிக்கு ஊற்றுவதைவிட லிட்டருக்கு எத்தனை ரூபாய் கூட, எத்தனை நாளைக்கு நிச்சயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் இன்னும் எங்களிடம் இல்லை.

இப்போது மாவில் கை வைத்திருக்கிறோம். சம்பா கோதுமை அல்தமூராவின் டூரத்துக்கு நெருங்கிய சொந்தம். நீலகிரியில் வெலிங்டன் ஆராய்ச்சி நிலையத்தில் அதில் ரகமே வெளியிட்டிருக்கிறார்கள். மலையில் பயிரிடும் நண்பர் ஒருவரிடம் 50 கிலோ வாங்கி, கல் செக்கி ஆலையில் நைசாக அரைத்துக் கொடுத்தேன். முழுக்க அதையே போட்டால் மாவு இழுபடாமல் கிழிகிறது. பத்தில் ஒரு பங்கு கலந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தில் ஒரு பங்கில் ஓரம் நன்றாகச் சிவந்து, மணம் மாறி வந்தது, இரண்டு பேர் "இன்னைக்கு என்ன போட்டீங்க" என்று கேட்டார்களாம். அதற்கு மேல் போனால் நடுவில் ஓட்டை விழுகிறது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி வைத்துக் கால் பங்கு போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது மூட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.